மண் மணற்பாங்கா என்பது வேறு, தண்ணீர் வடியுமா என்பது வேறு

கேள்வி இதுதான்: குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சரிவாக இறங்கும் 70 சென்ட் விளை (மேட்டுத் தோட்ட நிலம்) ஒன்று விலைக்கு வருகிறது. கீழ் ஓரம் நெல்வயல் பரப்பான ஏலாவைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. "நல்ல வடிகால் உள்ள மணல் கலந்த வண்டல் மண், எதைப் போட்டாலும் வரும்" என்கிறார் தரகர். அப்படிப்பட்ட மண்ணின் குணங்கள் என்னென்ன? செவ்வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) போட நினைக்கிறேன், சரிவருமா? அவர் சொல்வது உண்மைதானா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

தரகர் ஒரே மூச்சில் சொன்னது இரண்டு சங்கதி. அதை முதலில் பிரித்துவிட வேண்டும். மணல் கலந்த வண்டல் என்பது மண்ணின் நயம். கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடலாம். வடிகால் அப்படி இல்லை. அது மண்ணில் பாதி, மண் கிடக்கிற இடத்தில் பாதி. அடியில் என்ன படுகை இருக்கிறது, பக்கத்தில் குளமா வயலா, ஐப்பசியில் நீர்மட்டம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. உங்கள் 70 சென்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே மண்ணாக இருந்தாலும் தண்ணீர் ஒரே மாதிரி வடியும் என்று நம்ப வேண்டாம். ஏலாவைத் தொடும் அந்தக் கடைசிப் பகுதிதான் என் கண்ணில் உறுத்துகிறது.

நயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் மூன்று அளவுத் துகள்கள் உண்டு. 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், அதற்குக் கீழே 0.002 மி.மீ. வரை வண்டல், அதையும்விடப் பொடியானது களி. மணல் கலந்த வண்டல் மண்ணில் பெரும்பாலும் நூற்றுக்கு 55 முதல் 75 பங்கு மணலும், 10 முதல் 20 பங்கு களியும் இருக்கும்; மீதி வண்டல் துகள். பெயரில் வரும் 'வண்டல்' மூன்றும் கலந்த மண் என்ற பொருளில். களி 20 பங்குக்கு மேல் போனால் அது வேறு வகை.

கைப்பக்குவம் எளிது. மண்ணை நனைத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். புட்டுக்கு நனைத்த மாவு போல, பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். பிடியே நிற்காவிட்டால் அது வெறும் மணல். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டரை செ.மீ. நீளத்துக்குள் ஒடிந்துவிட்டால் மணல் கலந்த வண்டல் என்று கொள்ளலாம். அதைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் களி அதிகம்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் ஒரு ஏமாற்று உண்டு. இரும்புச் சத்து களித் துகள்களைச் சிறுசிறு உருண்டைகளாகக் கட்டி வைத்திருக்கும். தொட்டால் மணல் போலவே நறநறக்கும், ஆனால் உள்ளே களி. அதனால் நனைத்த மண்ணை இரண்டு மூன்று நிமிடமாவது விடாமல் பிசைந்துவிட்டுப் பிறகு நாடா தள்ளுங்கள். பிசையப் பிசைய மண் வழவழப்பாகி ஒட்ட ஆரம்பித்தால் முதலில் தோன்றிய மணல், மணல் இல்லை. பாட்டில் சோதனையிலும் இதே கவனம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும், வண்டல் இரண்டு மணி நேரத்தில் இறங்கும், களி இறங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். குலுக்கல் போதாவிட்டால் அந்தக் களி உருண்டைகள் உடையாமல் மணலோடு மணலாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி குணங்கள். எல்லோரும் முதலில் சொல்வது, தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கும் என்பது. உண்மைதான், மணிக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இறங்கும், களிமண்ணில் 5 மி.மீ. கூட இறங்காது. பலரும் நினைப்பதுபோல இதில் இடைவெளி அதிகம் என்பதால் அல்ல. மொத்த இடைவெளியைக் கணக்கிட்டால் களிமண்ணில்தான் கூடுதல். இந்த மண்ணில் இருப்பவை குறைவு, ஆனால் பெரியவை. பெரிய துளையில் இருக்கும் தண்ணீரைப் பூமி இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த இடத்தில் காற்று நுழையும். நல்ல மழைக்குப் பிறகு ஒரு நாளில் மேல்மண்ணில் மிஞ்சிய தண்ணீர் இறங்கிவிடும், வேர் மூச்சுவிடும். மரச்சீனி, சிறுகிழங்கு, சேனை, காய்ச்சில் எல்லாம் இந்த மண்ணைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கிழங்கு பெருக்கும்போது மண் வழிவிடுகிறது. பிடுங்கும்போதும் ஒடியாமல் வருகிறது. மழை விட்ட மறுநாளே மண்வெட்டியைப் போடலாம், களிமண்ணில் அதே வேலைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டிவரும்.

இனி இந்த மண்ணின் கைவிரிப்பு. ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக இது சுமார் 100 முதல் 120 மி.மீ. வரைதான் பிடித்து வைக்கும். வாழையின் வேர் பெரும்பாலும் மேல் அரை மீட்டருக்குள் இருப்பது. ஆக அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது 55 மி.மீ. தண்ணீர். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுமே வாழை வாட ஆரம்பிக்கும், அதாவது 18, 20 மி.மீ. மாசி பங்குனி வெயிலில் வாழைத் தோட்டம் ஒரு நாளைக்கு 5, 6 மி.மீ. குடிக்கும். வகுத்துப் பாருங்கள்: மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். இந்த மண்ணில் வாரம் ஒருமுறை மடை திறந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே தடவையில் 50 மி.மீ. பாய்ச்சினாலும் 20 போக மீதி வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அது தனியாகப் போவதில்லை, நீங்கள் காசு கொடுத்துப் போட்ட யூரியாவையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு போகும். 20 மி.மீ. என்பது சென்ட்டுக்குச் சுமார் 810 லிட்டர், 70 சென்ட்டுக்குக் கிட்டத்தட்ட 57 ஆயிரம் லிட்டர். விளையில் கிணறு இருந்தால் அது பங்குனி சித்திரையில் மூன்று நாளைக்கு ஒருமுறை இவ்வளவு தருமா என்று கேளுங்கள். சொட்டுநீர் போட்டால் தேவை கணிசமாகக் குறையும், ஆனால் தினமும் கொடுக்க வேண்டும்.

இதே மண் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். மழையும் மேற்கைவிட மிகக் குறைவு. தக்கலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, அந்த வகையில் நீங்கள் பார்க்கும் இடம் தேவலை.

ஆனால் அந்த இரண்டு மழைதான் சத்தையும் அரித்துக்கொண்டு போவது. மண்ணில் சத்தைப் பிடித்து வைப்பது களியும், இலைதழை மக்கிச் சேர்ந்த மக்கும் மட்டுமே. மணல் எதையும் பிடித்து வைக்காது. களி குறைவு, நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மக்கும் சீக்கிரம் கரைந்துவிடும். வருடா வருடம் பெருமழை கழுவிக்கொண்டு போவதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் போய், மண் புளித்துவிடுகிறது. மேற்குப் பக்கத்தில் கார அமில நிலை (pH) 5 சுற்றுவட்டத்தில் இருப்பது சாதாரணம். 5.5க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுவிடும். சுண்ணாம்பு அல்லது டோலமைட் போட்டால் சரியாகும். இங்கே இந்த மண்ணுக்கு ஒரு சலுகை உண்டு: களி குறைவு என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பே போதும். அதே காரணத்தால் அளவு மிஞ்சினாலும் சீக்கிரம் மிஞ்சிவிடும், பிறகு துத்தநாகமும் போரானும் கிடைக்காமல் இலை சிறுத்துப் போகும். பக்கத்து விளைக்காரர் எத்தனை மூட்டை போட்டார் என்று பார்த்துப் போடாமல், மண் பரிசோதனை முடிவைப் பார்த்துப் போடுங்கள்.

உரத்தையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தோட்டக்கால் வாழைக்கு 3, 5, 7ஆம் மாதங்களில் மூன்று தவணை என்பது பரிந்துரை. இந்த மாதிரி மண்ணில் நான் அதே மொத்த அளவை ஆறு தவணையாக்கிக் கொடுக்கச் சொல்வேன், பொட்டாஷையும் சேர்த்துத்தான். ஐப்பசி அடைமழையில் எந்தத் தவணை வந்தாலும் தள்ளிப்போடுங்கள். அப்போது போடுவது ஏலாக்காரனுக்குப் போடுகிற உரம்.

இப்போது வடிகாலுக்கு வருவோம். தரகர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பங்குனியில் காட்டினால் எல்லா நிலமும் வடிகால் நிலம்தான். மேலே ஒன்றரை அடி அருமையான மணல் கலந்த மண் இருந்து, அடியில் வெட்டுக்கல்லோ (இரும்பேறி இறுகிய செம்பாறை) இறுகிய களியோ கிடந்தால், மேலே சட்டென்று இறங்கிய தண்ணீர் அங்கே போய் முட்டி நிற்கும். மேலே நின்று பார்த்தால் தரை காய்ந்திருக்கும், வேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கத்து விளைகளில் இது அடிக்கடி நடப்பதுதான். வெட்டுக்கல்லைக் கூந்தாலியால் கொத்திக் குழி எடுத்துத் தென்னை வைப்பவர்கள் உண்டு. குழி ஆழமாக எடுத்துவிட்டோம் என்று திருப்தி, ஆனால் மழைக்காலம் முழுக்கக் குழிக்குள்ளேயே தண்ணீர். அடியில் சரலோ ஆற்றுமணலோ போட்டால் வடியும் என்று சிலர் கொட்டுகிறார்கள். அதனால் பலன் இல்லை. பொடித்துளை மண்ணிலிருந்து தண்ணீர் பெருந்துளை உள்ள சரலுக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் கிட்டத்தட்ட முழுக்க ஊறிய பிறகுதான் இறங்க ஆரம்பிக்கும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று இடத்தில் மூன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, ஏலா ஓரத்தில் ஒன்று. கொடுக்க மாட்டேன் என்றால் அதுவே பாதி பதில். குழியின் சுவரில் நிறத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்போ பழுப்போ என்றால் நல்லது. இரும்பு துருவேறி இருக்கிறது, அதாவது காற்று போய்க்கொண்டிருக்கிறது. இடையில் சாம்பல் நிறத் திட்டுகள், அவற்றைச் சுற்றியோ வேர் போன தடங்களை ஒட்டியோ துருக்கோடுகள் தெரிந்தால் ஒவ்வொரு மழைக்காலமும் நீர் அந்த உயரம்வரை வந்து நின்றிருக்கிறது. தண்ணீருக்குள் காற்றில்லாமல் கிடக்கும்போது இரும்பு கரைந்து போய்ச் சாம்பல் நிறம் வரும். கோடையில் மண் காய்ந்தாலும் இந்த அடையாளம் அழியாது. வெட்டுக்கல் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்த படுகை இயல்பிலேயே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது சாம்பலும் நீலம் கலந்த சாம்பலும். அது இரண்டடிக்குள் தெரிந்தால் வாழைக்கு அந்த இடம் வேண்டாம் என்பேன். மூன்றடிக்குக் கீழே என்றால் சமாளிக்கலாம்.

தண்ணீர் ஊற்றியும் பார்க்கலாம். ஓரடி ஆழ, ஓரடி அகலக் குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி நட்டு அளக்கலாம். இரண்டரை செ.மீ.க்குக் கீழே என்றால் வடிகால் மந்தம். இரண்டரை முதல் ஏழு வரை நல்லது. பத்தைத் தாண்டினால் தண்ணீரையும் உரத்தையும் கட்டி வைக்க முடியாத மண். கோடையில் செய்தால் இது பாதிக்கதைதான் சொல்லும், ஏனென்றால் அப்போது நீர்மட்டம் கீழே இருக்கும். மீதிக் கதையைப் பக்கத்துக் கிணறு சொல்லும்: கார்த்திகையில் தண்ணீர் எந்த உறைவரை ஏறியது என்று கிணற்றுக்காரரிடம் கேளுங்கள். 2021 நவம்பர் மழையில் அந்த ஏலா எதுவரை மூழ்கியது என்பதையும் ஊர்க்காரர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். கீழ் ஓரத்தில் சம்பு, நீர்முள்ளி முளைத்திருந்தால் கேட்கவே வேண்டியதில்லை.

கீழ்ப்பகுதி முன்பு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் போட்ட வயலாக இருந்து பிறகு மண்ணடித்துச் சேர்த்ததா என்றும் விசாரியுங்கள். வருடக்கணக்கில் தொளி கலக்கிய (சேறாக உழுத) வயலில் பழைய மேல்மட்டத்திலிருந்து அரையடி, முக்காலடிக் கீழே ஓர் இறுகிய படுகை உருவாகியிருக்கும். நெல்லுக்குத் தண்ணீரைக் கட்டி நிறுத்துவது அதுதான், வாழைக்கு எமனும் அதுதான். மண் காய்ந்திருக்கும் காலத்தில் ஆழக் கொத்தி அதை உடைக்காவிட்டால் மேலே எத்தனை லோடு செம்மண் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

மண்வள அட்டை இருக்கிறதே என்று விற்பவர் நீட்டலாம். நல்லதுதான், வாங்கிப் பாருங்கள். 2015இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 12 அளவீடுகள் உண்டு: கார அமில நிலை, உப்பு, கரிமம், பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள். அவற்றில் ஒன்றுகூட வடிகால் இல்லை. மாதிரியும் மேல் அரையடி மண்ணில் எடுப்பது. இரண்டடிக்குக் கீழே கிடப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நாகர்கோவில் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தாலும் சரி, திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்டாலும் சரி, குழி வெட்டிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்கள் தரும் யோசனை உங்கள் விளைக்கானதாக இருக்கும்.

மண்ணை மாற்ற முடியுமா என்றும் நினைப்பீர்கள். நயத்தை மாற்றுவது பணக்காரன் வேலை. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணே 900 டன் எடை. அதில் 12 பங்கு இருக்கும் களியை 17 ஆக்க, பாதிக்குப் பாதி களி உள்ள குளத்து மண்ணாகவே பார்த்தாலும் 120 டன்னுக்கு மேல் அடிக்க வேண்டும். குளம் தூர்வாரும்போது முறைப்படி அனுமதி வாங்கிக் கொஞ்சம் அடித்தால் தப்பில்லை, ஆனால் அதில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அதைவிட மக்கு சேர்ப்பது கைக்கு எட்டுவது. கொழிஞ்சி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்குவது, கிளைரிசிடியாக் குழை வெட்டி மிதிப்பது, வாழைத்தடையை வெட்டி அங்கேயே போடுவது, தொழு உரம். தென்னைக்குத் தேங்காய் மட்டையான கதம்பையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைப்பது நம் ஆட்கள் ரொம்ப நாளாகச் செய்வது; ஐந்து முதல் ஏழு வருடம்வரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பொட்டாஷும் கொடுக்கும். கதம்பை தவிர மற்றதை வருடா வருடம் செய்ய வேண்டும், இந்த மண்ணில் மக்கு சேமிப்பில் தங்காது. சரிவில் மண்ணை நிறுத்தும் கையாலை (வரப்புச் சுவர்) இடிந்திருந்தால் அதை முதலில் கட்டுங்கள். மணல் கலந்த மண்ணைச் சரிவில் வெறுமனே விட்டால் ஒரு மழையில் மேல்மண் ஏலாவில் கிடக்கும்.

தரகர் சொல்லாத இன்னொரு குணம்: இந்த மண் நூற்புழுவுக்கும் பிடித்தமானது. துளை பெரிது, காற்றும் ஈரமும் உண்டு, புழு நகர வசதி. முந்தைய வாழையின் வேரைப் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பழுப்புக் கறை இருந்தால் அங்கே மறுபடி வாழை வைக்காமல் ஒரு பட்டம் சணப்பு அல்லது செண்டுமல்லி போட்டுவிட்டு வையுங்கள். கன்றையும் சீவிச் சுத்தம் செய்தே நட வேண்டும். ரசகதலி வாழை போடும் எண்ணம் இருந்தால் வாடல் நோய் வந்த விளையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பூசணம் மண்ணில் பல வருடம் கிடக்கும். அதற்கு வடிகாலால் மட்டும் மருந்து கிடையாது.

ஆக, நீங்கள் கேட்ட செவ்வாழையும் மரச்சீனியும்: மேல், நடுக் குழிகள் சுத்தமாக இருந்தால் தாராளமாகப் போடலாம். மேலே மரச்சீனி, தண்ணீர் எட்டுகிற நடுப்பகுதியில் செவ்வாழை. செவ்வாழை ஒரு வருடத்துக்கும் மேல் நிலத்தில் நிற்கிற பயிர் என்பதால் இரண்டு மழையையும் கோடையையும் ஒருசேரத் தாங்கியாக வேண்டும். கோடைத் தண்ணீர் உறுதியில்லாமல் அதில் இறங்க வேண்டாம். மரச்சீனி கோடையைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் கிழங்கு முற்றும் காலத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் மேட்டுப் பகுதியிலும் தனித்தனி மேடு கூட்டி நடுங்கள். கீழ்க் குழியில் சாம்பல் நிறம் தெரிந்தால் அந்தப் பகுதிக்கும் மேல் விளை விலையைக் கொடுக்காதீர்கள். வாங்கினாலும் அங்கே வாழை வேண்டாம். விளைக்கும் ஏலாவுக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி ஓடைக்குச் சேர்த்துவிட்டு, ஈரம் தாங்கும் சேம்பு போடலாம். மேடு கட்டித் தென்னை நாலைந்து வைக்கலாம். வாய்க்கால் வெட்டும் முன் அந்தத் தண்ணீர் யார் வயல் வழியாகப் போகும் என்று பேசி முடித்துவிடுங்கள். பக்கத்து வயல்காரர் மடையை அடைத்தால் உங்கள் வாய்க்காலில் வடிய வழி இருக்காது.